‘பேங்க்ல போட்டிருக்கேன்’ என்றால் எங்கே?

பெரியம்மா ஒரு நாள் பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். ரேஷன் கார்டு நகல், பழைய கேஸ் புத்தகம், பெரியப்பாவின் பென்ஷன் தாள், எல்லாவற்றுக்கும் அடியில் நாலாய் மடித்த ஒரு ரசீது. “பேங்க்ல மூணு லட்சம் போட்டிருக்கேன்டா. எப்ப முடியுதுன்னு பார்த்துச் சொல்லு” என்றார்.

பிரித்துப் பார்த்தேன். நல்ல கனமான காகிதம், மஞ்சள் கரை, மூலையில் ஒரு கோபுரப் படம். மேலே ‘நிரந்தர வைப்புச் சான்று’ என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு கட்டத்தில் ‘உறுப்பினர் எண்’. நிறுவனத்தின் பெயர் முடிகிற இடத்தில் ‘நிதி லிமிடெட்’ என்று இருந்தது.

“பெரியம்மா, இது பேங்க் இல்லை.”

“பின்ன? கவுன்ட்டர் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, பாஸ்புக் போட்டுக் குடுக்குறாங்க. பேங்க் இல்லாம வேற என்ன?”

நியாயமான கேள்விதான். நம் ஊரில் பணம் வாங்கி வைக்கிற எல்லா இடத்துக்கும் பேங்க் என்றுதான் பெயர். சொசைட்டியும் பேங்க், பைனான்ஸும் பேங்க், நிதியும் பேங்க்; இப்போது போனில் இருக்கிற ஜிபேயும் பேங்க். பத்து வருஷமாக ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். படித்தவர்களும் இப்படிக் கலந்துகட்டிப் பேசுவதைத்தான் தினமும் கேட்கிறேன். எல்லாம் நன்றாக நடக்கிறவரை இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஒரு நாள் கதவு மூடியிருக்கும்போதுதான் தெரியும், யார் எந்தச் சட்டத்தின் கீழ் நம் பணத்தை வாங்கினார்கள் என்பது.

சைக்கிள் ஸ்டாண்டும் அரிசிக் கைமாற்றும்

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்தால் அதே சைக்கிள், அதே கிழிந்த சீட்டோடு திரும்ப வரும். ஸ்டாண்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதற்கு நாம்தான் அவருக்குக் காசு கொடுக்கிறோம்.

அடுத்த வீட்டு அக்கா ஒரு படி அரிசி கைமாற்றாக வாங்கிப் போகிறார். அதைப் பொங்கிச் சாப்பிட்டுவிடுவார். அடுத்த வாரம் ஒரு படி திருப்பித் தருவார். ஆனால் அது நாம் கொடுத்த அரிசியாக இருக்காது. அளவுதான் ஒன்று.

வங்கியில் பணம் போடுவது சைக்கிள் ஸ்டாண்ட் மாதிரி என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அரிசிக் கைமாற்று. நாம் போட்ட ரூபாய் அந்த நிமிஷமே வங்கியின் ரூபாய் ஆகிவிடுகிறது. நமக்கு இருப்பது, கேட்கும்போது அதே தொகையைத் தர வேண்டும் என்ற உரிமை. அதாவது, வங்கிக்கு நாம் கடன் கொடுத்திருக்கிறோம். திருப்பித் தருவேன் என்ற உறுதியோடு ஒரு நிறுவனம் பொதுமக்களிடம் இப்படி வாங்கும் பணத்துக்குத்தான் வைப்பு என்று பெயர், பேச்சில் டெபாசிட்.

வங்கியில் நிஜமான சைக்கிள் ஸ்டாண்டும் ஒன்று உண்டு: லாக்கர். உள்ளே வைத்தது நம்முடையதுதான். நாம் வாடகை கட்டுகிறோம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. அதனால் தீ, திருட்டு, ஊழியர் மோசடி இவற்றால் பொருள் போனால், ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான் வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2022 ஜனவரி முதல் வரம்பு வைத்திருக்கிறது. வாடகை மூவாயிரம் என்றால் மூன்று லட்சம். இன்றைய தங்க விலையில் அது எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: டெபாசிட் என்றால் நாம் கொடுத்த கடன். கடன் கொடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி, ‘வாங்குகிறவர் யார், தராவிட்டால் யாரிடம் போவது?’ இனி ஒவ்வொருவரிடமும் அதைத்தான் கேட்கப்போகிறோம்.

வங்கிக்குள் போன நூறு ரூபாய்

நாம் போட்ட நூறு ரூபாயில் சில ரூபாயை ரிசர்வ் வங்கியிடம் கட்டாயமாக வைக்க வேண்டும். இன்னொரு பதினெட்டு ரூபாய்க்குப் பெரும்பாலும் அரசுப் பத்திரங்கள் வாங்கி வைக்க வேண்டும். மீதி வெளியே போகிறது: ஒருவருக்கு நகைக்கடன், ஒருவருக்கு வீட்டுக்கடன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னல் மெஷின் வாங்க. அவர்களிடம் வாங்குகிற வட்டிக்கும் நமக்குத் தருகிற வட்டிக்கும் உள்ள இடைவெளியில்தான் வங்கி பிழைக்கிறது.

இதில் ஒரு சங்கடம் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கடன் இருபது வருஷத்தில் திரும்பி வரும். நாமோ நாளைக்கே பணம் கேட்கலாம். எல்லோரும் ஒரே நாளில் போய் நின்றால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது. எவ்வளவு யோக்கியமான வங்கியாக இருந்தாலும் சரி. அதில் மோசடி எதுவும் இல்லை, வங்கி என்ற ஏற்பாடே அப்படிப்பட்டது. அதனால்தான் இந்தத் தொழிலுக்கு இத்தனை கட்டுப்பாடு.

கட்டுப்பாடு இல்லாத காலமும் இருந்தது. சென்னையில் அர்பத்னாட் என்ற பெரிய வெள்ளைக்கார நிறுவனம் வியாபாரத்தோடு டெபாசிட்டும் வாங்கிக்கொண்டிருந்தது. 1906 அக்டோபரில் ஒரு நாள் பணம் தர முடியாது என்று கதவைச் சாத்தியது. பென்ஷன்காரர்கள், வக்கீல்கள், கோயில் பணம் வைத்திருந்தவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். அதை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்னாட் சிறைக்குப் போனார். அந்த அடியின் வலியில்தான் வி. கிருஷ்ணசாமி அய்யரும் மற்றவர்களும் சேர்ந்து 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அப்போது ரிசர்வ் வங்கியே கிடையாது; அது வந்தது 1935இல்.

இன்று வங்கி நடத்த ரிசர்வ் வங்கியின் உரிமம் வேண்டும். 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி, வங்கியாக இல்லாத நிறுவனம் பெயரில் ‘வங்கி’ என்ற சொல்லை ஒட்டிக்கொள்ள முடியாது. ஆக, பெயர்ப்பலகையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பது ஆரம்பத்துக்கு நல்ல சோதனை. ‘கேப்பிடல்’, ‘பைனான்ஸ்’, ‘நிதி’, ‘பண்டு’ எல்லாம் வேறு சாதி.

ஐந்து லட்சம் என்ற எண்

1960இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தது. அதற்குப் பிறகுதான் வங்கி விழுந்தாலும் சின்ன டெபாசிட்காரர் முழுகக் கூடாது என்று ஒரு ஏற்பாடு வந்தது. அதன் பெயர் வைப்புக் காப்பீடு: ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான ஒரு கழகத்துக்கு வங்கிகள் பிரீமியம் கட்டும், வங்கி மூடப்பட்டால் அந்தக் கழகம் நமக்குப் பணம் தரும். நம் பையிலிருந்து ஒரு பைசா போகாது. 1962இல் ஆரம்பித்தபோது வரம்பு வெறும் 1,500 ரூபாய். 1993இல் ஒரு லட்சம் ஆனது. 2020 பிப்ரவரியிலிருந்து ஐந்து லட்சம்.

இந்த ஐந்து லட்சத்தைப் பற்றித்தான் அதிகமான தப்பெண்ணங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் ஐந்து லட்சம் என்று நினைக்கிறார்கள். கிடையாது. ஒரு வங்கி, ஒரு ஆள், ஐந்து லட்சம்; அதுவும் வட்டியையும் சேர்த்து. மயிலாப்பூர் கிளையில் மூன்று, தாம்பரம் கிளையில் நாலு என்று வைத்திருந்தாலும் அது ஒரே வங்கி என்றால் மொத்தம் ஏழாகத்தான் எண்ணுவார்கள், காப்பீடு ஐந்துக்குத்தான். அதே ஏழு லட்சத்தை இப்படியே இரண்டு வங்கிகளில் பிரித்துப் போட்டால் முழுவதும் வரம்புக்குள் வந்துவிடும். கணவன் மனைவி சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கு, அவரவர் தனிக் கணக்கிலிருந்து வேறாக எண்ணப்படும்.

நடைமுறையில் பெரிய வங்கி ஒன்று தள்ளாடினால் ரிசர்வ் வங்கி அதை மூடவிடாமல் இன்னொன்றோடு சேர்த்துவிடவே பார்க்கும். கரூரில் 1926இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று உத்தரவு வந்தது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டி.பி.எஸ். வங்கியோடு இணைந்துவிட்டது. டெபாசிட்காரர்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. ஆனால் அந்த வங்கியின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. பங்கின் மதிப்பு பூஜ்யம் என்று எழுதிவிட்டார்கள். ‘எங்க ஊரு பேங்க்’ என்று பாசத்தோடு பங்கு வாங்கி வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். வங்கிக்குக் கடன் கொடுத்தவர் வேறு, வங்கியில் கூட்டுச் சேர்ந்தவர் வேறு. முதல் அடி கூட்டாளிக்குத்தான்.

எல்லாக் கதையும் பத்து நாளில் முடிவதில்லை. மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் 2019 செப்டம்பரில் முதல் வரம்பு ஆயிரம் ரூபாய். 2022 ஜனவரியில்தான் அது வேறொரு வங்கியோடு சேர்ந்தது. ஐந்து லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதியைப் பத்து வருஷம் வரை இழுத்துக் கொடுக்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: வங்கி என்றால் உரிமம், கண்காணிப்பு, ஐந்து லட்சம் வரை காப்பீடு. அதற்கு மேல் போனால் வங்கியின் பலம்தான் துணை.

சொசைட்டியும் போஸ்ட் ஆபீஸும்

இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் தொடங்கியது. அந்தப் பெருமை நமக்குண்டு. கிராமங்களில் உரமும் பயிர்க்கடனும் நகைக்கடனும் தருகிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை ஊரில் சொசைட்டி பேங்க் என்பார்கள். சட்டத்தின் கண்ணில் அது வங்கி அல்ல, உறுப்பினர்களின் சங்கம். வைப்புக் காப்பீட்டுக்குள் வராது. ஆனால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் மத்தியக் கூட்டுறவு வங்கியும், நகரக் கூட்டுறவு வங்கிகளும் உரிமம் பெற்ற வங்கிகள். அவற்றுக்குக் காப்பீடு உண்டு. ஒரே குடும்பப் பெயர், ஆனால் பாதுகாப்பு ஒன்றல்ல.

போஸ்ட் ஆபீஸ் விஷயம் ரொம்ப எளிது. அங்கே போடும் பணத்தைக் கடனாக வாங்குவது இந்திய அரசாங்கமே. ஐந்து லட்சம் என்ற வரம்பெல்லாம் அங்கே பேச்சே இல்லை. வரிசையில் நிற்க வேண்டும், சர்வர் டவுன் என்பார்கள், அவ்வளவுதான் கஷ்டம்.

நிதி, பைனான்ஸ்

பெரியம்மாவின் ரசீதுக்கு வருவோம். ‘நிதி’ என்பது நிறுவனச் சட்டத்தில் தனி வகை. உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கி, உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் தருகிற கம்பெனி அது. இந்த ஏற்பாடு வளர்ந்ததே சென்னையில்தான். மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் பண்டு 1872இல் தொடங்கியது. மாதச் சம்பளக்காரர்கள் சேர்த்து வைக்கவும், அவசரத்துக்கு நகையையோ வீட்டையோ வைத்துக் கடன் வாங்கவும் தாங்களே உண்டாக்கிக்கொண்ட இடம்.

பெரியம்மாவின் ரசீதில் உறுப்பினர் எண் இருந்ததற்கு இதுதான் காரணம். டெபாசிட் போட்ட அன்றே நூறு ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருக்கிறார், அவருக்கே தெரியாது. “ஏதோ நூறு ரூபா பிடிச்சாங்கடா, பாஸ்புக்குக்குன்னு நினைச்சேன்” என்றார்.

நிதிக்கு உள்ள விதிகள் கறாரானவைதான். ஈடு இல்லாமல் கடன் கொடுக்கக் கூடாது. நகை, சொத்து, டெபாசிட் ரசீது மாதிரி ஏதாவது வேண்டும். சீட்டு நடத்தக் கூடாது. கம்பெனியின் சொந்தப் பணத்தைப் போல இருபது மடங்குக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. இதை விட ருசியான விதி ஒன்று உண்டு: டெபாசிட் கேட்டு விளம்பரமே செய்யக் கூடாது. ஆகவே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ‘எங்கள் நிதியில் பணம் போடுங்கள்’ என்று ஒருவர் தெருவில் வந்தால், அந்த மைக்கே அவருடைய யோக்கியதையைச் சொல்லிவிடும்.

வட்டிக்கும் கூரை உண்டு. டெபாசிட்டுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டரை சதவீதத்துக்கு மேல் நிதியும் தரக் கூடாது, பைனான்ஸ் கம்பெனியும் தரக் கூடாது. பதினெட்டு தருகிறேன், இருபத்துநாலு தருகிறேன் என்கிறவர் தாராள மனசுக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவர் இந்த விதிகளுக்குள்ளேயே இல்லை என்று பொருள்.

விதிகள் இருந்தாலும், நிதியில் போட்ட பணத்துக்கு வைப்புக் காப்பீடு இல்லை. தினசரிக் கண்காணிப்பும் ரிசர்வ் வங்கியிடம் இல்லை. மத்திய நிறுவன விவகார அமைச்சகத்திடம் இருக்கிறது. பெயரில் நிதி என்று வைத்துக்கொண்டு முறையான அங்கீகாரம் இல்லாமல் நடந்த கம்பெனிகள் ஏராளம். பணம் போடுமுன் தகுதியைச் சரிபாருங்கள் என்று அமைச்சகமே எச்சரிக்கை விட வேண்டிவந்தது.

பைனான்ஸ் கம்பெனி வேறு ரகம். வங்கியைப் போலக் கடன் கொடுக்கும். ஆனால் சேமிப்புக் கணக்கோ, நடப்புக் கணக்கோ, செக் புத்தகமோ தர முடியாது. இதற்குப் பெயர் வங்கியல்லாத நிதி நிறுவனம். ரிசர்வ் வங்கியில் பதிவு செய்தவைதான், ஆனால் பதிவு செய்த எல்லாமே டெபாசிட் வாங்க முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும், அது மிகச் சிலவற்றிடமே இருக்கிறது. டூவீலர் கடனுக்கும் நகைக்கடனுக்கும் நாம் போகிற கடைகளில் பல, கடன் கொடுக்க மட்டுமே அனுமதி பெற்றவை. ‘ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றது’ என்ற வரியைச் சுவரில் பார்த்துவிட்டு டெபாசிட் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு முளைத்த பைனான்ஸ்கள் வரிசையாகச் சரிந்தது நடுத்தர வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதன் விளைவாக 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை முடக்கி விற்றுத் தர வழி செய்தது. வழக்கு முடிந்து கையில் பணம் வருவதற்குள் பிள்ளைகள் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள் என்பது வேறு கதை.

சீட்டு: சேமிப்பும் கடனும் ஒரே இலையில்

சீட்டை ஏமாற்று வேலை என்று ஒதுக்குகிறவர்களும் தப்பு, பேங்க் மாதிரி என்கிறவர்களும் தப்பு. அது அழகான ஒரு ஏற்பாடு. எப்படி என்று ஒரு ஏலத்தையே பார்த்துவிடலாம்.

ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. இருபது பேர், மாதம் ஐயாயிரம், இருபது மாதம். மூன்றாவது மாதம் ஏலம் நடக்கிறது. ஒருவருக்கு மகளின் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். இன்னொருவருக்குக் கடைக்குச் சரக்கு எடுக்க வேண்டும். “பத்தாயிரம் தள்ளி” என்று ஒரு குரல். “பதினஞ்சு.” கொஞ்ச நேரம் மௌனம். “இருபது” என்கிறார் மகளுக்குப் பீஸ் கட்டுகிறவர். மற்றவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். பீஸ்காரருக்கு எண்பதாயிரம் கையில் கிடைக்கிறது. அவர் விட்டுக்கொடுத்த இருபதாயிரத்தில் நடத்துகிறவரின் கமிஷன் ஐயாயிரம். மீதி பதினைந்தாயிரத்தை இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு 750 ரூபாய். இதற்குத்தான் கசர் என்று பெயர். ஆக அந்த மாதம் எல்லோரும் ஐயாயிரத்துக்குப் பதில் 4,250 கட்டினால் போதும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மூன்றாம் மாதமே எடுத்தவர் கடன்காரர். மீதிப் பதினேழு மாதமும் அவர் கட்டியாக வேண்டும். கடைசி மாதம் வரை காத்திருந்து எடுப்பவர் சேமிப்பவர். அவருக்குக் கசர்தான் வட்டி. வட்டி இத்தனை என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஏலத்தில் எத்தனை பேருக்கு அவசரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நடுவில் வங்கி இல்லை. ஒருவர் சேமிப்பு நேராக இன்னொருவர் கடனாகிறது.

ஆபத்தும் அதே இடத்தில்தான். எடுத்தவர் கட்டாமல் போகலாம். நடத்துகிறவரே எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போகலாம். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் இதற்காகத்தான் பூட்டுகள் போட்டது. ஒவ்வொரு சீட்டுக்கும் முன்அனுமதி வாங்க வேண்டும். முழுச் சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தையோ, அதற்கீடான பத்திரங்களையோ சீட்டுப் பதிவாளரிடம் பிணையாக வைக்க வேண்டும். கமிஷனுக்கும் வரம்பு உண்டு. 2021 திருத்தத்துக்குப் பிறகு அது அதிகபட்சம் ஏழு சதவீதம். இந்தப் பூட்டெல்லாம் பதிவு செய்த சீட்டுக்குத்தான். மூன்றாவது தெரு அக்கா நோட்டில் எழுதி நடத்துகிற சீட்டுக்கு அந்த அக்காவின் நாணயம்தான் பூட்டு. பல அக்காக்களிடம் அந்த நாணயம் சட்டத்தைவிடக் கெட்டியாக இருக்கிறது. நானே ஒரு சீட்டில் இருக்கிறேன். ஆனால் அவர் ஊரைவிட்டுப் போனால் என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பெயரில் சீட்டு என்று இருப்பதெல்லாம் சீட்டு ஆகாது. தீபாவளிச் சீட்டில் ஏலமே கிடையாது. வாராவாரம் கட்டி, கடைசியில் சாமானும் பட்சணமும் வாங்குகிறோம். நகைக்கடைச் சீட்டு என்பது நகைக்கு நாம் கொடுக்கும் அட்வான்ஸ். அது ஏன் எப்போதும் பதினோரு மாதத்தோடு நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வாங்கிய அட்வான்ஸுக்கு 365 நாளுக்குள் பொருள் கொடுக்காவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும்; டெபாசிட் விதிகள் எல்லாம் கழுத்தில் வந்து விழும்.

இந்தப் பகுதியின் சாரம்: நிதி உறுப்பினர்களுக்குள், பைனான்ஸ் பெரும்பாலும் கடன் கொடுக்க மட்டும், சீட்டு இருபது பேர் தங்களுக்குள். மூன்றிலும் அந்த ஐந்து லட்சக் காப்பீடு கிடையாது.

போனுக்குள் பணம் இல்லை

“ஜிபேல ரெண்டாயிரம் இருக்கு” என்று சொல்கிறோம். அங்கே ஒன்றும் இல்லை. கூகுள் பே, போன்பே எல்லாம் தபால்காரர் மாதிரி. ‘என் கணக்கிலிருந்து எடுத்து இவர் கணக்கில் போடு’ என்ற சேதியை 2016இல் வந்த யு.பி.ஐ. என்ற பாதை வழியாக வங்கிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவற்றின் வேலை. பணம் வங்கியை விட்டு நகர்வது இன்னொரு வங்கிக்குத்தான். ஆப்பை நீக்கினாலும் பணம் எங்கும் போகாது.

வாலெட் அப்படியல்ல. அதில் நிரப்பிய பணம் அந்தக் கம்பெனியிடம் போய்விடுகிறது. வட்டியும் இல்லை, வைப்புக் காப்பீடும் இல்லை. டீக்கடைச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் பேமென்ட்ஸ் வங்கி என்று ஒரு குட்டி வங்கி உண்டு. ஒருவரிடம் இரண்டு லட்சம் வரைதான் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் கடன் தரக் கூடாது. காப்பீடு உண்டு. போஸ்ட் ஆபீஸில் தபால்காரர் விரல்ரேகை வைத்துத் திறந்துகொடுக்கும் கணக்கு பல நேரம் இதுதான், போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு அல்ல. பாஸ்புக்கை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

வங்கிக்குள்ளேயே விற்கிற வேறு சரக்கு

என் அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் ஒரு பகுதியை ஐந்து வருஷம் எஃப்.டி. போட வங்கிக்குப் போனார். எந்த வங்கி என்பது முக்கியமில்லை. “சார், இதைவிட நல்லதா ஒண்ணு இருக்கு” என்று உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வருஷம் ‘இரண்டாவது பிரீமியம் ஐம்பதாயிரம் கட்டவும்’ என்று கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது, அவர் எடுத்தது ஆயுள் காப்பீட்டுப் பாலிசி என்று.

வங்கிகள் காப்பீட்டு கம்பெனிகளுக்கும் மியூச்சுவல் பண்டுகளுக்கும் ஏஜென்டாக வேலை பார்க்கின்றன. அது சட்டப்படி சரிதான். ஆனால் அந்தப் பணம் வங்கியில் இருப்பதில்லை, ஐந்து லட்சக் கணக்கிலும் வராது. கையில் தருகிற காகிதத்தில் ‘பாலிசி’, ‘பிரீமியம்’, ‘யூனிட்’ என்ற சொற்கள் இருந்தால் அது டெபாசிட் இல்லை. பாலிசி கைக்கு வந்த முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். அப்பா அந்தக் கவரைப் பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார்.

கடன் வாங்கும்போது ஒரே ஒரு கணக்கு

நம் ஊர் வழக்கில் ‘ஒரு ரூபா வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம். இதில் ஒளிந்திருக்கும் தந்திரம் பலருக்குத் தெரியாது.

ஒரு லட்சம் கடன், ஒரு ரூபா வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை என்கிறார்கள். லட்சத்துக்கு வருஷ வட்டி பன்னிரண்டாயிரம், மொத்தம் 1,12,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,333. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் முழு லட்சமும் நம்மிடம் வருஷம் பூராவும் இருந்ததா? முதல் மாதமே கொஞ்சம் திருப்பிவிட்டோம். ஆறாவது மாதம் ஏறக்குறைய பாதிதான் பாக்கி. பாக்கி குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கு. குறைகிற பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் இது பன்னிரண்டு சதவீதம் இல்லை, ஏறக்குறைய இருபத்தொன்றரை.

வங்கியோ, பைனான்ஸோ, இப்படிப்பட்ட கடன் தரும்போது எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. முக்கிய விவர அறிக்கை என்பார்கள். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் மற்ற தாள்களோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

பெரியம்மாவின் ரசீது என்ன ஆனது?

அந்த நிதியின் நிலையை அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்தேன். முறையாகப் பதிவானதுதான், கணக்கு வழக்குகளை வருஷாவருஷம் தாக்கல் செய்திருந்தது. வட்டி பத்தரை, கூரைக்குள்தான் இருந்தது. முதிர்வுக்கு எட்டு மாதம் பாக்கி. இதையெல்லாம் சொல்லி, “முடிஞ்சதும் எடுத்து போஸ்ட் ஆபீஸ்ல போட்டுடலாமா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ரசீதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“ரெண்டை அங்க மாத்து. ஒண்ணு இங்கயே இருக்கட்டும்” என்றார்.

“ஏன் பெரியம்மா, ஒரு லட்சம் மட்டும்?”

“இங்க போனா அந்தக் கவுன்ட்டர் பொண்ணு எழுந்து வந்து, உட்காருங்கம்மான்னு நாற்காலி போடும்டா.”